வான்கூவர் சேரும்வரை வாரியல் தொடாதவள்

செண்பகம் மதினி என் அண்ணன் மனைவி. தூத்துக்குடியில் இருவருமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் ஒரு மணி நேரம் பொறுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். மதினி மறக்க மாட்டாள். அண்ணன் சரக்கெடுக்க மதுரைக்குப் போனாலே வாரியல் பரணுக்கு ஏறிவிடும்.

அவள் மகன் சிவப்பிரகாஷுக்கு வான்கூவரில் வேலை கிடைத்தது. ஞாயிறு காலை கிளம்பினான். வழியனுப்ப வந்த கூட்டம் கடலைத் தொலியும் காராச்சேவுமாக வீட்டை நிறைத்துவிட்டுப் போனது.

செவ்வாய்க்கிழமை அவன் தங்கை ரம்யாவைப் பெண் பார்க்க உடன்குடியிலிருந்து வருவதாக ஏற்பாடு. இரண்டு இடம் தட்டிப்போன பிறகு, ரம்யாவே மனதாரப் பிடித்துப்போய்ச் சரி சொன்ன இடம். நாள் குறித்ததும் அவள்தான். தூத்துக்குடிக்கும் வான்கூவருக்கும் பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினேழு மணி நேரம் என்று கைபேசி சொன்னதை நம்பிக் குறித்திருந்தாள். அது காக்கா நேராகப் பறக்கிற கணக்கு. அப்படி ஒரு விமானமே கிடையாது.

திங்கள் சாயங்காலம் பையன் பிராங்க்பர்ட்டிலிருந்து பேசினான். பனியாம், விமானம் கிளம்பவில்லையாம்.

"மதினி, பிளேன் தரையிலதான நிக்குது. இப்ப ஒரு தடவை பெருக்கிருங்களேன்" என்றேன்.

"நடுவழியில நிக்கவன் வழியிலதான் தம்பி நிக்கான்."

"பெருக்குனாத்தான சித்தப்பா தப்பு" என்று ரம்யா மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். தொலியெல்லாம் பறந்து, விருந்தாளிகளுக்காகப் போட்டிருந்த சோபாவின் மேல் போய் உட்கார்ந்தது.

செவ்வாய் காலை வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா இசக்கிசெல்வி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி உள்ளே நடந்தார். காபியில் மிதந்த தொலியை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"மகன் கனடாவுக்குப் போறான். இன்னும் போய்ச் சேரல" என்றாள் மதினி.

"அப்படியா" என்றார் அவர். கிளம்பும்போது, "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். ரம்யா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர்கள் வந்த வேன் தெருமுனை திரும்பியதும் மதினியின் போன் அடித்தது. பையன் வான்கூவரில் இறங்கிவிட்டான். மதினி ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து வாரியலை எடுத்தாள். எடுத்தவள் வாசலைப் பார்த்தாள். பிறகு அதைத் திரும்பவும் மேலேயே வைத்தாள்.

"இப்ப அவங்க வழியில இருக்காங்கள்லா?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "இந்தக் குப்பையாலதான் பிள்ள வாழ்க்கையே போச்சு. இன்னும் யாருக்காக மதினி?"

"வேண்டாம்னே சொல்லட்டும் தம்பி. பத்திரமா வீடு போய்ச் சேரணும்லா?"

குப்பைக்கு நடுவே இருவரும் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் போன் வந்தது. இசக்கிசெல்வி சத்தமாகப் பேசுகிறவர், எனக்கே கேட்டது.

"வீடு வந்து சேர்ந்துட்டோம். இனி பெருக்கிக்கிடுங்க, சம்பந்தி."

மதினி உட்கார்ந்தபடியே அழுதாள். வீட்டைப் பெருக்கியது ரம்யாதான்.