முன்னறையில் பொரிந்த கடல்மீன்கள்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி எங்கள் வீடு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கோவளம் வரை போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் என் கணவர் முன்னறையில் நான்கடிக் கண்ணாடித் தொட்டியை வைத்து, உப்புத் தண்ணீரை நிரப்பி, கற்களைப் போட்டுவிட்டு, ஒன்றரை மாதம் ஒரு மீனும் விடாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பக்குவப்பட வேண்டும் என்றார். அவருக்கு ஒரு கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் முதலில் தொட்டியின் முன்னால்தான் நிற்பார்.

"வெறும் தண்ணிய வச்சிப் பாத்துகினு கீறானே, இவனுக்கு இன்னா ஆச்சி?" என்று மாமியார் என்னைக் கேட்டார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். பகல் முழுக்க அந்தத் தொட்டியோடு இருக்க வேண்டியவர் அவர்.

பிறகு கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டைகள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரியது பெண், சிறியது ஆண் என்றார் கணவர். பெரியது பக்கத்தில் வந்தால் சிறியது உடம்பைச் சாய்த்து நடுங்கும். சண்டை வேண்டாம் என்று சொல்லும் விதம் அதுவாம்.

நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். சிறுநீரின் அடர்த்தி பார்க்கும் பழைய கருவி ஒன்று அங்கே பயனில்லாமல் கிடந்தது. ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணருகே வைத்தால் அளவு தெரியும். கேட்டு வாங்கி வந்தேன். அதை வைத்துத்தான் இன்றுவரை எங்கள் தொட்டியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். அது முன்பு எதை அளந்த கருவி என்பதை மாமியாரிடம் நான் முதலில் சொல்லவில்லை.

முதல் மழைக்காலத்தில் புயல் வந்தது. காலையிலேயே கரண்ட் போய், மதியத்துக்குள் இன்வெர்ட்டரும் நின்றுவிட்டது. கம்பெனி பஸ் கிளம்பாததால் கணவர் தொழிற்சாலையிலேயே மாட்டிக்கொண்டார். சாலையில் முழங்கால் தண்ணீர் என்பதால் நானும் லேபில். மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீரில் காற்று கலக்காது, மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். கணவர் போனில் அம்மாவிடம் சொன்னார்: "ம்மா, சொம்புல மொண்டு மேலேர்ந்து ஊத்திக்கினே இரு. நிறுத்தாத."

நான் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாமியார் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். வலது கை ஓய்ந்துபோய் மடியில் கிடந்தது. சாப்பிட்டிருக்கவில்லை. மேடையில் காலையில் வடித்த சோறு அப்படியே இருந்தது.

"பெருசு பூட்சிம்மா," என்றார் என்னைப் பார்க்காமல். "நா நிறுத்தவே இல்ல. சின்னது கீது, பாரு."

பெரிய மீன் மணலில் சாய்ந்து கிடந்தது. சின்னது சொம்புத் தண்ணீர் விழும் இடத்துக்கு நேர் கீழே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் சொம்பை வாங்கிக்கொண்டேன். கரண்ட் வரும்வரை மாற்றி மாற்றி ஊற்றினோம். அந்த மீன்களை ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிராத மனுஷி அவர்.

ஒரு மாதம் கழித்துக் கணவர் இன்னொரு மீன் வாங்கி வந்தார். இருப்பதைவிடப் பொடிசு.

"இதுவும் ஆம்பளதான்," என்றார்.

"ரெண்டு ஆம்பளைய வச்சு என்ன பண்றது?"

"பழசு பொம்பளையா மாறிடும். நீ வேணா பாரு."

நான் நம்பவில்லை. படித்தவள் என்ற எண்ணம் கொஞ்சம் இருந்தது. ஆனால் மீன் என் படிப்பைக் கேட்கவில்லை. முன்பு நடுங்கிக்கொண்டிருந்தது இப்போது தொட்டியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தன் இடம் என்பதுபோல் உலவியது. மாதத்துக்கு மாதம் பருத்தது. புதியது அதன் பக்கத்தில் போய் உடம்பைச் சாய்த்து நடுங்கியது. அடுத்த மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, தொட்டியில் கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டியின் பக்கவாட்டில், உள்ளங்கையளவு இடத்தில், ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் ஒட்டியிருந்தன. வைத்தது பழைய மீன். சொம்புத் தண்ணீருக்குக் கீழே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அதே ஆண்.

மாமியார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு யாரு சொன்னாங்க, மாறுன்னு?"

"மூளையிலேர்ந்து ஹார்மோன் சுரக்கும் அத்தை. பெருசு இல்லன்னா இது மாறும்."

"அது சரி. யாரு சொன்னாங்க?"



முட்டைகளைக் காத்தது புதிய மீன்தான். வாயால் ஒவ்வொன்றையும் துடைப்பதும், துடுப்பை ஆட்டி விசிறுவதுமாகப் பகல் முழுக்க அதே வேலை. நான்கைந்து நாளில் ஆரஞ்சு நிறம் மங்கிப் பழுப்பானது. ஏழாம் நாள் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிப் புள்ளிகள் தெரிந்தன. கண்கள். சட்டியிலிருந்து நூற்றுக்கணக்கான கண்கள் எங்களைப் பார்த்தன.

விளக்கு அணைந்த பிறகுதான் பொரியும் என்பதால் எட்டாம் நாள் சட்டியைத் தனித் தொட்டிக்கு மாற்றி, காற்றுக் குமிழ் விட்டு, ஏழரை மணிக்கு வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்தோம். டிவியையும். மாமியார் தன் சீரியலை விட்டுக்கொடுத்தது அன்று ஒருநாள்தான். ஒரு மணி நேரம் கழித்துக் கணவர் டார்ச்சைத் தண்ணீருக்கு மேல் பிடித்தார். வெளிச்சத்தை நோக்கி, கண்ணாடி இழையை நறுக்கிப் போட்டதுபோல், அத்தனையும் ஏறி வந்தன. உடம்பு தெரியவில்லை. கண்ணும் துடிப்பும் மட்டும்.

மூன்றாம் நாள் எல்லாமே தொட்டியின் அடியில் கிடந்தன.

கணவர் பெரிய மீனின் தீனியைப் பொடித்துப் போட்டிருந்தார். குஞ்சுகள் அதைத் தீனியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அசைவதைத்தான் அவை தின்னும். அதுவும் அவற்றின் வாய்க்குள் நுழையும் அளவில் அசைய வேண்டும். மரக்காணம் பக்கம் மீன்குஞ்சு பொரிக்கும் ஓர் இடத்தைத் தேடிப்போய், கணவர் இரண்டு பாட்டில்களோடு திரும்பினார். ஒன்றில் பச்சை நிறப் பாசித் தண்ணீர். இன்னொன்றில் ரோட்டிஃபர் என்ற உயிர். தூக்கிப் பிடித்தால் தூசு மிதப்பதுபோல் இருந்தது. தூசு பாசியைத் தின்னும், குஞ்சு தூசைத் தின்னும் என்று விளக்கினார்.

மறுநாள் அந்தத் தூசில் ஒரு சொட்டை லேபுக்கு எடுத்துப்போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாதபோது மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

பதினோரு வருடமாக அந்தக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பவள் நான். ரத்த அணுக்கள், சீழ் அணுக்கள், உப்புப் படிகங்கள். பார்ப்பேன், எண்ணுவேன், எழுதுவேன். அன்று கையில் பேனாவே இல்லை. கண்ணாடிக் கிண்ணம்போல் ஒரு உடல் நீந்தி வந்தது. தலையில் இரண்டு வட்டங்களாக மயிர்கள் சுழன்று தண்ணீரை உள்ளே இழுத்தன. உள்ளே பச்சையாக அது தின்ற பாசி, அதை அரைக்கும் தாடை, எல்லாம் அந்த உடம்பின் ஊடே தெரிந்தன. பின்னால் ஒரு முட்டையைச் சுமந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று, அதற்கும் ஒரு முட்டை. அந்தச் சொட்டில் இருந்தவை எல்லாம் பெண்கள். ஆண் இல்லாமலே பெருகும் என்று பிறகு படித்தேன். என் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மதியம் போய்விட்டது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர் இல்லை. பின்கட்டு ஜன்னலோரம் வரிசையாகப் பாசிக் கேன்கள். நாங்கள் வேலைக்குப் போனபின் அவற்றைக் குலுக்குவது, ரோட்டிஃபர் வாளிக்குப் பாசி ஊற்றுவது, மெல்லிய துணியில் வடிகட்டிக் குஞ்சுகளுக்கு விடுவது, எல்லாம் மாமியார் பொறுப்பு. யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். சாயங்காலம் வந்தால் எங்களுக்குக் காபிக்கு முன் செய்தி கிடைக்கும். "வாளி வெளுத்துப் பூட்சி, பாசி பத்தல. நாலு தபா ஊத்தினேன்."

இரண்டாவது பொரிப்பும் ஆறாம் நாளோடு போனது. மூன்றாவதில் குஞ்சுகளின் வயிறு உருண்டு தெரிந்தது. ஏழு நாள் தாண்டின. எட்டு. கணவர் தொட்டிப் பக்கம் போனால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

பத்தாம் நாள் காலை நான் பைக்குள் டப்பாவை வைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் முன்னறையிலிருந்து கூப்பிட்டார், சத்தமில்லாமல்.

"இங்க வா. ஒண்ணுக்குக் கோடு வுழுந்துகீது."

குனிந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, எள்ளைவிடச் சற்றே பெரிய உடம்பு ஒன்றில், தலைக்குப் பின்னால், சாக்பீஸால் தொட்டதுபோல் ஒரு வெண்மை. மற்றவை மேலே அலைந்துகொண்டிருக்க, அது அடியில் கண்ணாடியை ஒட்டி, பெரிய மீன் நீந்துவதுபோலவே உடம்பை அசைத்து நீந்தியது. நேற்றுவரை மிதந்துகொண்டிருந்தது இன்று மீன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பினேன். அவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டே வந்து தரையில் உட்கார்ந்தார். மூன்று தலைகளும் ஒரே கண்ணாடிக்கு முன்னால். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதற்கும் வெண்மை தெரிவதாக மாமியார் சொன்னார். எங்களுக்கு அது தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

அன்று ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். காரணம் கேட்டபோது உண்மையைத்தான் சொன்னேன். யாரும் திட்டவில்லை, நம்பினார்களா என்றும் தெரியவில்லை.

அந்தப் பொரிப்பில் இருபத்தாறு தேறின. நூற்றுக்கணக்கில் வந்தவற்றில் அவ்வளவுதான். இப்போது அவை விரல் நுனியளவு. எல்லாமே ஆண்தான், இப்போதைக்கு. அவற்றில் எது பெண்ணாகப் போகிறது என்று மாமியார் தினமும் கணிக்கிறார். ஓரத்தில் நின்று மற்றவற்றை முட்டித் தள்ளும் ஒன்றைக் காட்டி, "இதாம்மா, பாரேன், இதான்," என்கிறார்.