வெள்ளிக்கிழமை ஒன்று இருபத்திரண்டு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கிருபானந்தம் 'சிஸ்டம் இன்சார்ஜ்' ஆனதற்கு அவருடைய அறிவு காரணமல்ல. அவருக்கு டைப்ரைட்டிங் தெரியும், அவ்வளவுதான். தொண்ணூற்று மூன்றில் ஹையர் பாஸ் செய்த சர்டிபிகேட்டோடு வந்து, ஆறு கார்பன் வைத்து ஏற்றுமதிக் காகிதங்களை அடிக்கும் வேலையில் சேர்ந்தார். தொண்ணூற்று ஆறில் முதலாளி அப்துல் ஹமீத் சாஹிப் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். 'விசை இருக்கிறது, இவனும் டைப் அடிக்கிறான்' என்று கிருபானந்தத்தைக் கொண்டுபோய் அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு ஏறிய நாற்காலியிலிருந்து மனிதர் இறங்கவே இல்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஏசி அறை, வெல்வெட் துணியில் உறை, வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று ஒரு பலகை. நாளொன்றுக்கு இரண்டாயிரம் ஜோடி ஷூ தைக்கிற இடத்தில் ஒரு அறைக்குள் மட்டும் ஷூ போகக் கூடாது என்று சட்டம் போட்டவர் கிருபானந்தம்தான். பின்னால் அதை நினைத்து அவரே தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பலகையைக் கழற்றவில்லை. அதிகாரம் என்று தனக்கு வாய்த்தது அது ஒன்றுதான் என்பார்.

வீடு பள்ளிகொண்டாவில். காலையில் ஹைவேக்கு வந்தால் அவருக்கு ஆம்பூர் பஸ், எதிர்ப்பக்கம் நிற்கும் மனைவி பெர்சிஸுக்கு வேலூர் பஸ். பெர்சிஸ் வேலூரில் நர்ஸ். தினம் ஐந்து நோயாளிகளாவது தன்னால் எழுந்து உட்காருகிறார்கள் என்பது அந்த அம்மாளின் கணக்கு. தன்னால் ஐந்து கம்ப்யூட்டராவது படுத்துவிடுகிறது என்பது கிருபானந்தத்தின் கணக்கு.

அப்படிப்பட்டவருக்கும் வாழ்க்கையில் ஒரு சாதனை இருந்தது. இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு புரோகிராம் எழுதினார். சனிக்கிழமை சாயங்காலம் டிரைவில் ஒரு சிடியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அதுவே எழுந்து, கம்பெனியின் வாரக் கணக்கு மொத்தத்தையும் சிடியில் பதித்துவிடும். எட்டு வருடத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. கம்பெனி ஆண்டு விழாவில் சாஹிப் அவருக்குச் சால்வை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார். கடிகாரம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. யார் வந்தாலும் மணி பார்க்கிற சாக்கில் கிருபானந்தம் அந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். "எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்று அவர் சொல்லும்போது பெர்சிஸ் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஜெர்மனிக்காரர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்களுக்கு ஷூ அனுப்புகிற கம்பெனியில் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் தனி லாகின் இருக்க வேண்டும், யார் எதைச் செய்தார் என்பது பதிவாக வேண்டும், வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றைக்கே அடைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சாஹிப் கடிதத்தை கிருபானந்தத்திடம் நீட்டினார். கிருபானந்தம் நாலு இடம் விசாரித்து, பெங்களூரில் ஒரு கம்பெனியைக் கண்டுபிடித்தார். இங்கே நாம் எதுவும் வாங்கி வைக்க வேண்டாம். எல்லாருடைய பெயரும் பாஸ்வேர்டும் அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருக்கும். இன்டர்நெட் வழியாக அவர்கள் 'இவர் இன்னார்தான்' என்று சொன்னால்தான் நம்முடைய கதவு திறக்கும். இதற்கு 'கிளவுட்' என்று பெயர். முப்பது நாள் இலவசமாக ஓட்டிப் பார்த்து, ஒரு மதிப்பீட்டு அறிக்கையை நிரப்பி அனுப்பினால் போதும்.

"மேகத்துல பூட்டு போடப் போறானாம்" என்று பேக்கிங்கில் சிரித்தார்கள். கிருபானந்தம் கண்டுகொள்ளவில்லை. நாற்பத்தோரு பேருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு கொடுத்தார். மறந்துவிடுவார்களே என்று எல்லாவற்றையும் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். சாவி தொலைந்துவிடுமே என்று அதை மேஜைக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டினார். பாதுகாப்பை மதிப்பிட வந்த மகானுபாவர் இந்த லட்சணத்தில் இருந்தார்.

அது போதாதென்று அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் வேறு இருந்தது. யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு பாய்மார்கள் ஜும்மா தொழுகைக்குப் போவார்கள், இரண்டேகாலுக்குத்தான் திரும்புவார்கள். அதுவரை அவர்களுடைய நாற்காலியில் மற்றவர்கள் உட்கார்ந்து வேலையை ஓட்டுவார்கள். ஷிப்மென்ட் சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. அன்றைக்குக் கிறிஸ்தவர்கள் சர்ச்சுக்குப் போக, பாய்மார்கள் அவர்களுடைய நாற்காலியைப் பார்த்துக்கொள்வார்கள். நாற்காலியோடு பாஸ்வேர்டும் கை மாறும். இதை யாரும் தப்பு என்று நினைத்ததில்லை. தப்பு என்று சொன்னால் வருத்தப்பட்டிருப்பார்கள்.

டெஸ்பாட்ச் பார்க்கிற ரஃபி அகமதுவின் நாற்காலி வெள்ளிதோறும் கிருபானந்தத்துக்கு. இரண்டு பேரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்த தோஸ்துகள். ரஃபி அதிகம் பேசமாட்டார். கிருபானந்தம் இருக்குமிடத்தில் யாரும் அதிகம் பேச முடியாது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. ரஃபி தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் கிருபானந்தம் போய் உட்கார்ந்தார். கறுப்பு லேடீஸ் ஷூ, லாட் நாற்பத்தேழு, கன்டெய்னர் ஒன்றரைக்குள் கிளம்ப வேண்டும். பெங்களூரிலிருந்து சௌந்தர்யா போன் செய்தாள். சேவையை விற்கிற பெண் அவள்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கிருபானந்தம் விட்டு விளாசினார்.

"ரொம்பப் பிரமாதம்மா. எங்க ஃபேக்டரியில இப்ப ஒருத்தர் பாஸ்வேர்டை இன்னொருத்தர் தொடறதே இல்ல. மனுஷன் பொய் சொல்வான், உங்க சிஸ்டம் சொல்லாது."

இதைச் சொல்லிக்கொண்டே ரஃபியின் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போனார். லாட் எண் கேட்டது. அடித்தார். கன்டெய்னர் போயிற்று.

திங்கட்கிழமை சென்னைத் துறைமுகத்திலிருந்து தகவல் வந்தது. கறுப்புக்குப் பதில் கன்டெய்னர் நிறைய பிரவுன் ஷூ. நாற்பத்தேழுக்குப் பதில் எழுபத்துநான்கு ஏறியிருந்தது. அதைச் சரிசெய்வதற்குள் கப்பல் போய்விட்டது.

சாஹிப் தன் அறையில் மின்விசிறியைவிட வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். "கிருபா, உன் மெஷினைத் தொற. யாரு ரிலீஸ் பண்ணதுன்னு பாரு."

"ஒருத்தர் பாஸ்வேர்டை இன்னொருத்தர் தொடறதே இல்ல, மெஷின் பொய் சொல்லாது சாஹிப்" என்று சொல்லிக்கொண்டே கிருபானந்தம் பெருமையோடு திறந்தார். இப்படி ஒரு நாளுக்காகத்தானே இது! எல்லாரும் பார்க்கத் திரையில் வந்து நின்றது: ரஃபி அகமது, வெள்ளிக்கிழமை, பகல் ஒன்று இருபத்திரண்டு.

அப்போதுதான் அவருக்குத் தோளில் இடுக்கிய போன் நினைவுக்கு வந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. வாழ்நாள் முழுக்க மூடாத வாய், அந்த ஒரு நிமிடம் ஒட்டிக்கொண்டது.

ரஃபியைக் கூப்பிட்டார்கள்.

"ஒன்னு இருபத்திரண்டு. பள்ளிவாசல்ல குத்பா ஓதற நேரம். ஜும்மாவுக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க உக்காந்திருந்தியா?" சாஹிப்புக்குக் கப்பலைவிட அதுதான் பெரிதாக உறுத்தியது.

"நான் தொழுகையிலதான் இருந்தேன் சாஹிப்."

"அப்ப உன் சீட்ல உக்காந்தது யாரு? பேயா?"

ரஃபி ஒரு தடவை கிருபானந்தத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "தப்பு நடந்துடுச்சு சாஹிப்."

"தப்பு பண்ணா மன்னிச்சிடுவேன். தொழுகை விஷயத்துல பொய் சொல்றவன் எனக்கு வேணாம். நாளைக்குப் பத்து மணிக்கு லெட்டர் எழுதிக் கொண்டா." பதினாறு வருட வேலை அவ்வளவு சுலபமாக முடிந்தது. ரஃபிக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் அந்த வருடம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் கிருபானந்தம் விஷயத்தைச் சொன்னார். பெர்சிஸ் யூனிஃபார்ம்கூட மாற்றாமல் நின்று கேட்டாள்.

"எங்க வார்டுல ஒருத்தர் கொடுத்த மருந்துக்கு இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீங்க அங்கயே நின்னுக்கினு வேடிக்கை பாத்தீங்களா?"

"சொல்லத்தான் நெனச்சேன். வரல."

"ஊர்ல இல்லாத கதையெல்லாம் வருதே, இது மட்டும் வரலையா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெர்சிஸும் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்தார். உண்மையைச் சொல்லப் போனார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியவில்லை. மனிதர் பஸ்ஸிலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பழியைப் பெங்களூர்க்காரன் தலையில் போட்டுவிடுவது! இந்தச் சேவை நேரத்தைத் தப்பாகக் காட்டுகிறது, ஆளை மாற்றிக் காட்டுகிறது என்று மதிப்பீட்டில் எழுதிவிட்டால் ரஃபியும் தப்பித்தார், தானும் தப்பித்தோம். அதற்கு ஓர் ஆதாரம் வேண்டும். அதுவரை ஓடிய பதிவு முழுவதையும் பிரின்ட் எடுத்து, பென்சிலோடு ஒவ்வொரு வரியாகத் தேடினார்.

கிடைத்தது! அதுவும் அவருடைய பெயரிலேயே கிடைத்தது. கிருபானந்தம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது ஏழு. அதற்கு முந்தின ஞாயிறு ஒன்பது நாலு. அதற்கு முந்தினது ஒன்பது பதினொன்று. அந்த நேரத்தில் அவர் பள்ளிகொண்டா சர்ச்சில் பாடற்குழுவோடு நின்று தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார். ஆராதனையில் இருந்த அத்தனை பேரும் சாட்சி, வேண்டாமென்றாலும் அந்தக் குரலைக் கேட்டவர்கள்.

தாளைத் தூக்கிக்கொண்டு டெஸ்பாட்சுக்கு ஓடினார். ரஃபி தன் டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"ரஃபி, தப்பிச்சோம்! இத பாரு. நான் சர்ச்சுல இருக்கேன், இது நான் இங்க லாகின் பண்ணேன்னு சொல்லுது. மெஷின் பொய் சொல்லுதுப்பா!"

ரஃபி தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அது பொய் இல்லப்பா. அது நான்தான்."

"நீயா?"

"உன் சிடி புரோகிராம் ஒம்போது மணிக்கு எழுந்துக்கும். அப்புறம் நின்னுடும். உன் பாஸ்வேர்டு கேக்கும். நான் வந்து அடிப்பேன். அப்புறம் போவும்."

"எப்பலேர்ந்து?"

"மொத வாரத்துலேர்ந்து. எட்டு வருஷம் இருக்குமா? சீசன் இல்லாத ஞாயிறும் சைக்கிள்ல வந்து அடிச்சிட்டுப் போய்டுவேன். வீடு பக்கம்தானே."

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"நீ அத ஆட்டோமேட்டிக்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்த. சாஹிப் வேற சால்வை போட்டுட்டாரு. எப்படிப்பா சொல்றது? பேஜாராயிடுமே உனக்கு."

இதைச் சொல்லிவிட்டு ரஃபி டிராயரிலிருந்த தொழுகைத் தொப்பி, மகளின் போட்டோ, ஒரு பால்பாயின்ட் பேனா மூன்றையும் பைக்குள் வைத்தார். கிருபானந்தத்துக்கு அழுகை வந்தது. அழக்கூட அருகதை இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டார். பத்து மணி ஆவதற்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. காத்திருந்தால் மறுபடி வாய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, தாளை எடுத்துக்கொண்டு ஓட்டமாக சாஹிப் அறைக்குள் நுழைந்தார்.

"வெள்ளிக்கிழமை அந்த சீட்ல உக்காந்தது நான், சாஹிப். எண்ண மாத்தி அடிச்சது நான். ரஃபி மசூதியிலதான் இருந்தாரு. நேத்தே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தாளை நீட்டினார். "அப்புறம் அந்தச் சுவர்க்கடிகாரமும் எனக்குச் சேர வேண்டியது இல்ல." அந்தக் கதையையும் முழுக்கச் சொன்னார்.

சாஹிப் தாளை வாங்கிப் பார்த்தார். "இந்த மெஷின் பொய் சொல்லாதுன்னு சொன்னியே கிருபா."

"அது சொல்லல சாஹிப். நாங்கதான் சொல்ல வெச்சோம்."

சாஹிப் நாற்காலியை விட்டு எழுந்து தாமே டெஸ்பாட்சுக்குப் போனார். ரஃபியின் கையைப் பிடித்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்து கிருபானந்தத்திடம், பத்து நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இரு, போவதற்குள் அந்த அறிக்கையை முடித்துக் கொடு என்றார்.

அறிக்கையில் பயன்படுத்த எளிதா, நேரம் சரியாகப் பதிவாகிறதா, எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து போட்டார். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: இச்சேவையை நடைமுறைப்படுத்த உங்கள் நிறுவனத்தில் உள்ள முக்கிய இடையூறு எது? கொஞ்சம் யோசித்துவிட்டு 'கிருபானந்தம், சிஸ்டம் இன்சார்ஜ்' என்று எழுதி அனுப்பினார்.

சௌந்தர்யா பதறிப்போய் போன் செய்தாள். "சார், உங்க பேரைத் தப்பான கட்டத்துல எழுதிட்டீங்க போல."

"இல்லம்மா. சரியான கட்டம்தான்."

கம்பெனி அந்தச் சேவையை வாங்கியது. லாங் சைஸ் நோட்டை பாய்லரில் போட்டார்கள். அவரவர் பாஸ்வேர்டு அவரவருக்கு. வெள்ளிக்கிழமைகளில் கன்டெய்னர் இரண்டேகால் வரை கேட்டில் நின்று ரஃபிக்காகக் காத்திருந்தது. பத்து நாள் கழித்துத் திங்கட்கிழமை கிருபானந்தம் வேலைக்குத் திரும்பினார். டிரைவைத் திறந்து, போவதற்கு முன் போட்டு வைத்திருந்த சிடியை எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை. எட்டு வருடத்தில் முதல் வெற்று சிடி. திரையில் புரோகிராம் பாஸ்வேர்டு கேட்டபடி நின்றுகொண்டிருந்தது.

அதை நிஜமாகவே ஆட்டோமேட்டிக் ஆக்க அந்த வாரம் முழுக்க முட்டி மோதிப் பார்த்தார். முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி ஆராதனைக்கே போய்விட்டு, பாடற்குழுவிடம் இனி எட்டரை மணி ஆராதனைக்கு வர முடியாது என்று சொன்னார். அவர்கள் ஏன் என்று கேட்கவில்லை, சந்தோஷமாகவே அனுப்பி வைத்தார்கள். பஸ் பிடித்து ஆம்பூரில் இறங்கி, கேட்டைத் தாண்டும்போது மணி எட்டு ஐம்பத்தைந்து.

ரஃபி வாசலில் நின்று கன்டெய்னரில் பெட்டி ஏற்றுவதை எண்ணிக்கொண்டிருந்தார். வியர்த்து விறுவிறுத்து வருகிறவரைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"டேய், இன்னொரு டீ சொல்லு. ஆட்டோமேட்டிக் வந்துடுச்சு."