பயணப் பையின் அடியில் ஒரு குழல்

சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் மழையைப் பற்றியும் பஸ் தாமதத்தைப் பற்றியும் மட்டுமே எழுதி வந்தேன். "உங்கள் வீட்டில் ஒன்றுமே நடப்பதில்லையா?" என்று ஒரு வாசகி போன வாரம் கேட்டார்.

நடந்தது. எழுதப் பயமாக இருந்தது... அவ்வளவுதான்.

என் சித்தியின் மகன் ரமணன் சுவிஸில், பேர்ன் நகரில், ட்ராம் ஓட்டுகிறான். என் இளைய மகளுக்கு அவன்தான் ஞானத்தந்தை. அவள் முதன்முறையாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்காக, ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். ஞாயிறு பூசை. வெள்ளிக்கிழமையே வந்துவிட்டான்.

சனி காலை, மகளுக்கு வாங்கிய சொக்லேட்டைத் தேடிப் பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தான். உடுப்புகள், சொக்லேட், ஒரு துவாய்... கடைசியாக ஒரு கறுப்புத் துணி உறை. கனமாக விழுந்தது.

"இதை எடுத்து வைக்க மறந்துபோனன்," என்றான், குடையை மறந்தவன் போல.

உறைக்குள் இரும்பு. ஒரு பிஸ்டல் குழலும், அதை மூடும் மேற்பாகமும்.

ரமணன் விளையாட்டுக்காகச் சுடுகிறவன். அங்கே அதற்குக் கழகம், அனுமதி, போட்டி எல்லாம் உண்டு. "என்ர பிஸ்டலுக்குப் பெரிய குண்டு, அக்கா. கிழமைக்குக் கிழமை அதால பழகினா சம்பளம் காணாது. இதை மேல மாட்டினா, அதே பிஸ்டலில சின்னக் குண்டு போட்டுப் பழகலாம். மலிவு."

பிஸ்டலும் குண்டுகளும் பேர்னில், பூட்டிய அலமாரியில். இந்த உறை மட்டும் பயிற்சிப் பையின் அடியில் கிடந்திருக்கிறது. அவன் கவனிக்காமல் அதன் மேலேயே உடுப்பை அடைத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறான். வழியில் யாரும் பையைத் திறக்கவில்லை.

"இது துவக்கு இல்லை, அக்கா. ஒரு துண்டுதானே."

துண்டுதானா? போனில் தேடினேன். இந்த நாட்டில் சாதாரண ஆட்கள் அப்படியான பிஸ்டலை வைத்திருக்கவே முடியாது. குழலும் மேற்பாகமும்கூடச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். அகப்பட்டால் வருடக்கணக்கில் சிறை. 'மறந்துவிட்டேன்' என்று சொல்லித் தப்ப முடியாதாம்.

என் கணவருக்கு ஹீத்ரோவில் வேலை. விமானங்கள் நிற்கும் இடம்வரை போக விடும் பாஸ் ஒன்று அவரிடம் உண்டு. பொலிஸ் விசாரணை என்று வந்தால் பாஸ் போகும். பாஸ் போனால் வேலை போகும்.

"கால்வாயில போட்டுட்டு வாறன்," என்றார் மெதுவாக. "ஒருத்தருக்கும் தெரியப் போறேல்லை."

"வேண்டாம், அத்தான். நான் இப்பவே வெளிக்கிடுறன். வந்த வழியால திரும்பக் கொண்டு போறன்," என்றான் ரமணன். இப்போது அவன் குரலும் மாறியிருந்தது.

எல்லையில் பிடிபட்டால்? கால்வாயில் போட்டது யார் கையிலாவது சிக்கினால்?

"பொலிசுக்குச் சொல்லுவம்," என்றேன். "இப்ப வரைக்கும் இது மறதி. ஒளிச்சால் கள்ளம்."

"உமக்கு வேலை போகாது. எனக்குத்தான் போகும்," என்றார் கணவர்.

அது உண்மை.

மாடியில் மகள் வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பார்த்தபடி செபத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். ரமணன் சற்று நேரம் அந்தக் குரலைக் கேட்டபடி நின்றான். பிறகு என் போனை வாங்கினான். "பிழை என்ர. நானே கதைக்கிறன்."

அவனுடைய இங்கிலீஷ் திக்கியது. நான் பக்கத்தில் நின்று சொல் எடுத்துக் கொடுத்தேன். 'எதையும் தொடாதீர்கள், ஆட்கள் வருகிறார்கள்' என்று பொலிஸ் தரப்பில் சொன்னார்கள். மூன்று பேரும் மேசையைப் பார்த்தபடி நின்றோம். தேத்தண்ணி ஆறிப்போனது.

வந்தவர்கள் மரியாதையாகப் பேசினார்கள் — அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. எங்களைத் தனித்தனியாக விசாரித்தார்கள். காரைச் சோதித்தார்கள். கைது செய்வதாகச் சொல்லி ரமணனை அழைத்துப் போனார்கள். கைவிலங்கு போடவில்லை. அதற்கு நான் நன்றி சொன்னேன்... ஏன் சொன்னேன்?

"மாமா எங்க போறார்?" என்று மகள் படியில் நின்று கேட்டாள்.

"ஒரு அலுவல். வந்திடுவார்," என்றேன். நம்பிக்கையில்லாமல்தான்.

ஞாயிறு பூசையில் ஞானத்தந்தையின் இடத்தில் என் கணவர் நின்றார். படம் எடுக்கும்போது என் பக்கத்தில் நிற்காமல் மகளின் மறுபக்கம் போய் நின்றார். மண்டபத்தில் கேக் வெட்டும் நேரம் ரமணன் வந்து சேர்ந்தான், முதல் நாள் போட்ட அதே சேர்ட்டோடு. விசாரணை முடியவில்லை, இப்போதைக்கு விட்டிருக்கிறார்கள் என்றான். மகள் அவன் வாயில் கேக்கை ஊட்டினாள்.

திங்கட்கிழமை என் கணவர் தானே போய் மனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாஸை வாங்கி வைத்துக்கொண்டு, விமானங்கள் நிற்கும் பகுதிக்கு வெளியே ஒரு மேசை வேலையில் போட்டார்கள். பிறகு மாதங்கள் போயின. அழைப்பு மணி அடித்தால், திரையை விலக்கி யாரென்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். தபால்காரராக இருந்தாலும்தான்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கணவர் சொன்னார்: "நீர் செய்தது சரி. ஆனா எனக்கு உம்மில கோவம்."

இரண்டும் ஒருவருக்குள் ஒன்றாக இருக்க முடியும் என்று நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

சென்ற மாதம், ரமணனுக்காக வைத்த லோயர் அழைத்தார். வழக்கு இல்லை. ரமணனின் கழகம் அவன் சொன்னதை உறுதிப்படுத்தியதும், நாங்களாகவே போன் செய்ததும் கைகொடுத்தனவாம். குழல் மட்டும் திரும்ப வராது. அதற்குப் பிறகு சில நாட்களில் கணவரின் பாஸ் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி வைத்துவிட்டு, "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டார். நான் குசினி அடுப்பின் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று நான் எழுத மாட்டேன். எங்களுக்கு நிறையவே ஆனது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு கடைசி நாள் இருந்தது — கால்வாயில் போட்டிருந்தால் அந்த நாள் வந்தே இருக்காது.