இருமல் இல்லாத குவாரி

போன சனிக்கிழமை ஒரு பெண்மணியிடம் திட்டு வாங்கினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் ஆசிரியை!

நாற்பத்து நான்கு வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா? ஐந்து நாள் ஓசூரில் நாடி பிடிக்கிறேன். சனிக்கிழமையானால் ஃப்ளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறுகிறேன் — மருத்துவத்தோடு கம்ப்யூட்டரைச் சேர்த்து ஆராய்ச்சி செய்யப் பயிற்சி. இங்கே டாக்டர், அங்கே மாணவன், வீட்டில்... வேண்டாம், விடுங்கள்.

என் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது பர்கூர் பக்கம் ஒரு கருங்கல் குவாரி. வெயிலே வெள்ளையாகப் பொடிந்து விழுவதுபோல் தூசி. தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்டேன். பதில்களை ஏற்றினால், யார் நுரையீரலில் கல்தூசி படிந்திருக்கலாம் என்று என் புரோகிராம் சொல்லும்.

சொன்னது — ஒருவருக்கும் இல்லை! பூரித்துப் போனேன். வரிசையை ஒழுங்காக நிறுத்திய மேஸ்திரிக்கு அறிக்கையில் நன்றி வேறு.

ஆசிரியை திரையைப் பார்த்தார்.

"ஏன் டாக்டரே, ஒருத்தருக்குக்கூடவா இருமல் இல்ல? எங்க வீட்ல நாலே பேரு. அதுல ரெண்டு பேரு இருமறோம்."

"டேட்டா அப்படித்தான் மேடம் இருக்கு."

"போய் மறுபடியும் கேளுங்க. வெக்கமா இல்ல?"

திங்கட்கிழமை சாயங்காலம், கல்லில் துளை போடும் முனியப்பாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் இருமலை அப்படியே விழுங்கினார்.

"மேஸ்திரியும் வந்துக்கிறாரா சார்?"

"இல்லையே."

அவ்வளவுதான். அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. கண்ணில் நீர் வழிய இருமித் தீர்த்தார்.

"அன்னிக்கு உங்க பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரே சார். இருமல்னு வாயத் தொறந்தா, நாளையிலருந்து வேலைக்கு வராதேன்னுடுவாரு."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "இத்தன படிச்சவருக்கு இதுகூடவா தெரியாது?" என்றார்.

தெரியவில்லை, அம்மா.

நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். ஈர மணலில் யாரோ நடக்கும் சத்தம். எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும்.

"எடுக்கலாம் சார். மேஸ்திரி தெரிஞ்சிக்கினா வேல பூடுமே?"

வியாழக்கிழமை எக்ஸ்ரே எடுக்கக் கிருஷ்ணகிரிக்கு வருகிறார். மச்சான் வீட்டில் காதுகுத்து என்று மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது. அந்தப் பொய்யை யோசித்துக் கொடுத்தது நான்தான் — அதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.