வெள்ளம் நீங்கலாக

தனுஷா காப்புறுதி முகவராகச் சேர்ந்த காலத்தில் ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. பெரியகல்லாற்றிலிருந்து ஸ்கூட்டியில் மட்டக்களப்பு டவுனுக்கு வந்து, வாவியோரத்து வீடுகளில் ஒவ்வொரு கேற்றாகத் தட்டுவாள். உயிருக்கே காப்புறுதி இல்லை, வீட்டுக்கு என்னத்துக்கு என்று சிரித்து அனுப்புவார்கள். இப்போது வேறு பாடு வந்திருந்தது. அப்படிக் கெஞ்சிச் சேர்த்தவர்களிடமே போய், அடுத்த வருசம் கம்பனி உங்களை எடுக்காது என்று சொல்லவேண்டும்.

வேர்னன் வீட்டுக்குப் போவதை அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். கராஜ் நடத்தி ஓய்ந்தவர், போர்த்துக்கேய வழிவந்த உள்ளூர்ப் பறங்கிக்காரர். வீட்டில் அவரும் மனைவி பேர்னிஸும் மட்டும். அடுத்தடுத்த இரண்டு மாரியிலும் வாவி ஏறி அவர்கள் கூடத்துக்குள் வந்தது. இரண்டு தரமும் கம்பனி நட்டஈடு கொடுத்தது. மூன்றாம் தரத்துக்கு அது காத்திருக்கவில்லை.

அவள் போனபோது கம்பனியின் அறிவித்தல் முன்னமே வந்துவிட்டிருந்தது.

“நான் பொய் சொன்னனா மகள்? காசு கட்டப் பிந்தினனா?” என்று கேட்டார் வேர்னன்.

“இல்ல அங்கிள்.”

“பிறகேன் வெட்டுறாங்க?”

“வெட்டல்ல. வருச நடுவுல வெட்டுறதெண்டாத்தான் உங்கட பொலிசியில காரணம் வேணும். காசு கட்டாம விடோணும், பொய் சொல்லி எடுத்திருக்கோணும், இல்லாட்டி வீட்டைக் கடையாக்கிட்டுச் சொல்லாம இருந்திருக்கோணும். வருசம் முடிஞ்சா அப்பிடியில்ல. திரும்ப எடுக்கிறதும் விடுறதும் அவங்கட விருப்பம். முன்கூட்டி அறிவிச்சாச் சரி.”

“அப்ப இவ்வளவு காலமும் நான் கட்டினது?”

“அந்தந்த வருசத்துக்கு, அங்கிள்.”

எத்தனை வீட்டில் இதைச் சொல்லிவிட்டாள். பஸ் கொண்டக்டர் ஊர்ப்பெயர் கத்துவதைப்போல அது வாயிலிருந்து தானாக வந்தது. பேர்னிஸ் தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, “நீதானே மகள் எங்களைச் சேர்த்த?” என்றார். குரலில் கோபம் இல்லை.

வேறொரு கம்பனியில் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிப் போனாள். அவர்களுடைய விண்ணப்பப் படிவத்தோடு திரும்பி வந்தாள். அதில் ஒரு கேள்வி இருந்தது: இதற்கு முன் யாராவது உங்கள் வீட்டுக்குக் காப்புறுதி தர மறுத்தார்களா?

“இல்லையெண்டு போடு மகள்,” என்றார் வேர்னன்.

“போட்டா எடுத்திருவாங்க. தண்ணி வந்து நீங்க காசு கேக்கிற நேரம் தேடிப் பாப்பாங்க. அப்ப பொய் சொன்னதெண்டு அடியோட வெட்டிருவாங்க.”

“ஓமெண்டு போட்டா ஆர் எடுப்பான்?”

“தெரியா அங்கிள்.”

அவர் எழும்பிப் பின்பக்கம் போய்விட்டார். ‘இல்லை’ என்று எழுதிக் கொடுக்க வேறு முகவர்கள் இருந்தார்கள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவர் அவர்களிடம் போகவில்லை. அவளும் ‘ஓம்’ என்றே எழுதிக்கொண்டு கம்பனி கம்பனியாகப் படியேறினாள். இரண்டு இடத்தில் கைவிரித்தார்கள். கடைசியில் ஒரு கம்பனி சம்மதித்தது. நெருப்பு, களவு, புயல் எல்லாவற்றுக்கும் தருவார்கள், வெள்ளத்துக்கு மட்டும் இல்லை.

“வாவிக்கரையில வீடு. வெள்ளம் மட்டும் இல்ல,” என்றார் வேர்னன்.

“ஓம்.”

“எரிஞ்சாத் தருவாங்க.”

“தருவாங்க.”

“இவ்வளவு தண்ணிக்க எப்பிடி மகள் எரியும்?” என்று பேர்னிஸ் கேட்க, மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. வேர்னன் கையெழுத்துப் போட்டார்.

அந்த மாரியிலும் தண்ணீர் வந்தது. வடிந்த பிறகு தனுஷா போனாள். அவள் செய்ய அங்கே கம்பனி வேலை எதுவும் இல்லை. பிரிட்ஜைக் கல்லடுக்கி உயர்த்தியிருந்தார்கள், மெத்தை தப்பவில்லை. “என்னத்துக்கு வந்த?” என்று கேட்டார் வேர்னன். “சும்மா,” என்றாள். அவர் ஒரு தும்புத்தடியை நீட்டினார். பின்னேரம் வரைக்கும் இருவரும் கூடத்துச் சேற்றை வாசலுக்குத் தள்ளினார்கள். பேர்னிஸ் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

கோடையில் வேர்னன் படுக்கையறைத் தரையை மட்டும் உயர்த்திக் கட்டினார். வீடு முழுவதையும் உயர்த்த அவருக்கு இனித் தெம்பில்லை. தனுஷா வீட்டுக் காப்புறுதி பிடிப்பதை விட்டுவிட்டாள். ஏறாவூர்ப் பக்கம் மோட்டார்சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் ஆள் சேர்க்கிறாள். வாவிக்கரை ஒழுங்கையால் போகும்போது வேர்னன் கேற்றடியில் நின்றால் ஸ்கூட்டியை நிறுத்துவாள். முழங்கால் நோவைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசுவார்கள்.