மெஹர் பானு (எ) முன்னி

மெஹர் பானு ஜெயித்தது கொஞ்சநஞ்சமல்ல. கணக்குப் பாடத்தில் வகுப்புப் பையன்கள் அத்தனை பேரையும் ஜெயித்தாள். சென்னையில் பொறியியல் கல்லூரி இடத்தை ஜெயித்தாள். அங்கே விடுதிச் சாம்பாரையும் ஜெயித்தாள். அம்மா மெஹபூப் பீ பார்த்து வைத்த மூன்று மாப்பிள்ளைகளை, ஒருவர் மனமும் நோகாமல் ஜெயித்தாள். இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளிநாட்டு இதழ்களில் அச்சேற்றினாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணன் நூருல்லா, எட்டாம் வகுப்போடு நின்றவன், இந்த வரிசையை ஒன்று விடாமல் ஒப்பிப்பான். அவனுக்கு அவள் வெறும் முன்னி. வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான்.

முதல் கட்டுரை ஊசியைப் பற்றியது. செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்து ஊர்களில் தடுப்பூசி போட்ட குழந்தைகளின் விவரத்தைக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பிறந்த பிள்ளைகளைவிட ஊசி போட்ட பிள்ளைகள் அதிகம் என்றது அது! முதல் ஊசிக்கு ராஜாராம் என்று பெயர் சொன்ன தாய், அடுத்த ஊசிக்குச் சின்னக்குட்டி என்று சொல்லியிருப்பாள். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு பிள்ளை. பத்திரத்தில் இரண்டு பெயருக்கு நடுவே ‘என்கிற’ என்பதற்குப் பதிலாக ஓர் (எ) போடுவார்களே, அதையே அவள் தன் நிரலுக்குள் நுழைத்தாள். இரண்டு பிள்ளை ஒரு பிள்ளையானது. அப்படிப்பட்ட நிரலைத் தவறில்லாமல் எழுதிச் சோதிப்பது எப்படி என்பது இரண்டாவது கட்டுரை.

ஃபின்லாந்துக்காரர் ஒருவர் தம் கட்டுரையில் அவள் எழுதியதை மேற்கோள் காட்டியிருக்கிறார் என்ற சேதி வந்ததும் நூருல்லா கடையை விட்டு ஓடினான்.

“ஆதிமூலம் அண்ணே! ஃபின்லாந்துல என் தங்கச்சியைப் பத்தி எழுதிக்கினு இருக்காங்க!”

டீக்கடை ஆதிமூலம் பாய்லரிலிருந்து தலையைத் தூக்கினார். “இன்னா பாய், நாலாவது மாப்பிள்ளையா?”

“அட நீ வேற! அவ எழுதுனதைப் படிச்சிட்டு எழுதியிருக்காங்க.”

“அதான் கேக்குறேன். பொண்ணைப் புடிச்சிருக்குதாமா?”

சென்னைக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. அது கிடைக்காவிட்டால் நாலாவது மாப்பிள்ளைக்குச் சரி என்று அம்மாவிடம் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆராய்ச்சிக்கு அதோடு முழுக்கு. நூருல்லாவும் கூடப் போனான். தேர்வு அறையின் அரைக்கதவுக்கு வெளியே, பதற்றத்தை அடக்கப் பியூனின் வாட்ச்சைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உள்ளேயிருந்து பேராசிரியர் தாண்டவராயன் குரல் வந்தது.

“உங்க பேர்ல இருக்கிற கட்டுரைக்கு மேற்கோள் நாலே நாலு. இந்த ஊசிக் கட்டுரைக்குப் பதினொன்னு. ஆனா இதை எழுதினது வேற ஒருத்தங்கம்மா. அடுத்தவங்க எழுதினதை எடுத்து விண்ணப்பத்துல போட்டுக்கிட்டீங்களா?”

நூருல்லாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. கண்ணில் மாட்டிய லென்ஸோடு அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

“சார்! எங்க முன்னி அடுத்தவங்க பென்சிலைக்கூடத் தொடமாட்டா!”

தாண்டவராயன் கையிலிருந்த இதழைப் பார்த்தார். பிறகு லென்ஸைப் பார்த்தார்.

“யாரு?”

“முன்னி சார். இதோ உக்காந்துருக்காளே.”

“இவங்க மெஹர் பானு இல்லையா?”

“அது பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கினு போற பேரு சார்!”

முதலில் சிரித்தது முன்னிதான். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பேராசிரியர் இதழைத் திருப்பிக் காட்டினார். எழுதியவர் இடத்தில் ‘ஜா. முன்னி’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. ஊசி போடுகிற இடத்தில் எல்லோரும் முன்னி முன்னி என்று கூப்பிட்டதால், கூட வேலை செய்த டாக்டர் அதையே அவள் பெயராக நினைத்து அனுப்பிவிட்டார். இதழ் வந்த அன்று அதைப் பார்த்து அண்ணனும் தங்கையும் சிரித்ததோடு சரி. மேற்கோளை ஆளுக்குத் தனித்தனியாக எண்ணுவார்கள் என்று யார் கண்டது?

“ஒரு பிள்ளையை ரெண்டா எண்ணாதீங்கன்னு கட்டுரை எழுதினவங்களையே ரெண்டா எண்ணியிருக்கோம்,” என்று தாண்டவராயன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆக மொத்தம்...”

“பதினஞ்சு சார்,” என்றான் நூருல்லா, யாரும் கேட்காமலே.

வேலை கிடைத்த சேதி செஞ்சிக்கு வந்ததும் ஆதிமூலம் கேட்டார்: “ஏன் பாய், ரெண்டு பேருக்கும் சேத்தா சம்பளம்?”

வேலையில் சேர்ந்த அன்று வருகைப் பதிவேட்டின் மேல் அவள் பேனா கொஞ்சம் நின்றது. அதுவரை எங்கே கையெழுத்துக் கேட்டாலும் ஜா. மெஹர் பானு என்று மட்டுமே போட்டவள். ‘மெஹர் பானு (எ) முன்னி’ என்று, அடைப்புக்குறி உட்பட முழுப் பெயரையும் அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 4-7-1988, திங்கட்கிழமை.