தேங்காய்த் தண்ணீர் குடித்த படகு

திருப்புளி கைப்பிடிவரை இறங்கியது. இட்லியில் விரல் விட்டால்கூடக் கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும். எங்கள் படகின் மூக்குக்கு அந்த ரோஷமும் இல்லை.

கடலின் உப்பு ஏறிவரும் மெர்போக் ஆற்றங்கரையில் படகுத்துறைக்குப் பக்கத்தில் நாலு தென்னங்கட்டைமேல் அதை ஏற்றிவைத்திருந்தோம். கரைக்கு வந்த மரப்படகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற பெரிய மனுஷர் மாதிரி. தண்ணீரில் இருந்த மிடுக்கெல்லாம் போய் அடிவயிறும் பாசியுமாகக் கிடக்கும். பழுது பார்க்க வந்த மலாய்க்காரருக்கு என்னைவிடப் பத்து வயசு குறைச்சல். கால்பந்து ஜெர்சி, ஒரு காதில் மட்டும் பாட்டு. தொழிலுக்கு மரியாதை வைத்து நான் அவரை அபாங், அதாவது அண்ணா, என்றேன். வயசுக்கு மரியாதை வைத்து அவர் என்னை அங்கிள் என்றார்.

திருப்புளியோடு வந்த சக்கையை அபாங் மோந்து பார்த்தார். 'ஆயிர் தாவார்' என்றார். நல்ல தண்ணி. உப்புத் தண்ணி மரத்தை ஒன்றும் செய்யாதாம், ஊறுகாய் போட்ட மாதிரி வைத்திருக்குமாம். மழைத்தண்ணியும் குழாய்த்தண்ணியும்தான் பலகை இடுக்கில் உட்கார்ந்து மக்கவைக்கும் சனியன்கள். இதுவரை தட்டிப் பார்த்த இடமெல்லாம் கல் மாதிரி இருக்கிறதே, மூக்கில் மட்டும் யார் நல்ல தண்ணி ஊற்றியது என்று கேட்டார்.

யாரென்று எனக்குத் தெரியும். பத்தடி தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில், நெற்றி நிறையத் திருநீறோடு நுரை பொங்கும் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான், படகில் பாதிக்குச் சொந்தக்காரர். பாடாங் செராயில் வீடு. ஆயுசு முழுக்க லாரி ஓட்டினவர். முதலில் எஸ்டேட் ரப்பர், பிறகு எண்ணெய் பிழியும் செம்பனைக் குலை. நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கை ஓய்ந்தது. கார் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். சொன்னதே தாமதம், பிள்ளைகள் சாவியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்கள். லாரிக்காரரிடம் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன, சட்டையும் பனியனும்தான்.

ஆற்றில் சிக்னல் இல்லை, போலீஸ் தடுப்பு இல்லை. பின்பலகையில் மாட்டின மோட்டாருக்கு ஒரே ஒரு கைப்பிடி. மற்றவர்கள் வலப்பக்கம் உட்கார்ந்து இடது கையால் பிடிப்பார்கள். மச்சான் இடப்பக்கம் மாறி உட்கார்ந்து வலது கையால் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அவர் மறுபடியும் டிரைவர். நான் கிளீனர்.

படகை இறக்குமுன் மூக்கிலிருக்கும் இரும்பு போல்ட்டில் தேங்காய் உடைப்பார். தண்ணி மொத்தமும் அங்கேயே இறங்கும். விசேஷ நாளென்றால் பால், மஞ்சள் தண்ணி, இளநீர், பன்னீர். ஓர் ஆயுத பூஜைக்குப் பஞ்சாமிர்தமும் சாத்தினார். எறும்பு பிடித்து இரண்டு வாரம் படகில் யாரும் உட்கார முடியவில்லை, மூக்கில் அவர் ஒட்டிவைத்த அம்மன் படத்தைத் தவிர. சாமிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுநாளாகிறது. சண்டை ஒன்றும் இல்லை, இரண்டு பேருக்கும் வேலை ஜாஸ்தி. தேங்காய்ச் சில்லைத் தின்பதோடு என் பக்தி முடிந்துவிடும்.

அதனால் அன்றைக்கு எனக்கு ஒரே குஷி. மச்சானோடு சாமியைப் பற்றி நடந்த இத்தனை வருஷ வாக்குவாதத்தில் முதல்தடவையாகக் கையில் சாட்சி, அதுவும் ஈரமாக, உதிர்ந்துகொண்டு. நேரே அவரிடம் கொண்டுபோனேன்.

"மச்சான், படக மக்கவச்சது கடல் இல்ல. உங்க அபிஷேகம்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். பதில் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். பெட்ரோல் ஸ்டேஷனில் காற்றுப் பிடிக்கிறவனோடு அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கக்கூடிய மனிதர் அவர். மெர்போக்கிலிருந்து பாடாங் செராய்வரை என் கார் ஜன்னல் வழியாகச் செம்பனை மரங்களை எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வித்துடுங்க மாப்ள. வெறகுக்குக் கேட்டாலும் குடுத்துடுங்க. நானே ஓட்ட போட்ட போட்டுல நான் ஒக்கார மாட்டேன்."

அடுத்த ஞாயிறு முதுகு வலி என்றார். அதற்கடுத்த ஞாயிறு போனே எடுக்கவில்லை. காலையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்து நாடகம் பார்க்கிறார் என்று என் மனைவிக்குத் தகவல் வந்தது. அவள் கத்தவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"எங்க அண்ணனுக்கு மிச்சம் இருந்தது ஒரு கைப்பிடி. அதையும் நீங்க பிடுங்கிட்டீங்க."

படகை விறகுக்கு வெட்டிவிடாதீர்கள் என்று அபாங்கிடம் சொல்லத் தனியாகப் போனேன். அவர் மோட்டாரைக் கழற்றி, நீலக் கேன்வாஸை உரித்துப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காதிலிருந்து பாட்டை எடுத்தார். நல்ல சேதிக்கு யாரும் பாட்டை எடுப்பதில்லை. பின்பலகையில் திருப்புளியை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. அது தானாக உள்ளே போய் வீடு குடியேறியது.

இந்தக் கேன்வாஸைக் கட்டுவது யார் என்று கேட்டார். நான். கழுவுவது? அதுவும் நான்.

அதில் எனக்குப் பெருமை வேறு. ஒவ்வொரு சவாரி முடிந்ததும் மீன் கொட்டகைக் குழாயில் ரப்பர் டியூப் மாட்டி, கார் ஷாம்பூ போட்டு, படகைக் குளிப்பாட்டுவேன். அப்புறம் தூசி படக்கூடாதென்று ஈரத்தோடு கேன்வாஸைப் போட்டு இறுக்கிக் கட்டுவேன். உள்ளே காற்று வராது, வெயில் வராது, வெக்கை மட்டும் வரும். கூலிம் தொழிற்சாலையில் எனக்கு வேலையே அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிப்பது. என் கையால் கட்டின முடிச்சுக்குக் கீழே வெள்ளைக் காளான் ஒன்று குடை பிடித்துக்கொண்டு நின்றது. வெளிச்சம் பட்டதும் அது கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. ஓய்வு நேரக் கவிதைகளில் மழை, மண், மௌனம் என்று எத்தனை வரி எழுதியிருப்பேன். ஈரம் என்ன செய்யும் என்று அந்தக் காளானுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மச்சானின் ஓட்டை உள்ளங்கை அகலம். என்னுடையது முழுப் பலகை. மூக்கு போனால் தண்ணி கசியும், மொண்டு ஊற்றலாம். பின்பலகை போனால் நடு ஆற்றில் மோட்டார் பிய்த்துக்கொண்டு போகும். அதன் கைப்பிடியை விடாமல் பிடித்திருப்பது யார் என்று நினைத்துப் பார்த்தேன். தென்னங்கட்டையில் உட்கார்ந்தேன்.

அபாங்குக்கு இரக்க சுபாவம். பலகையை மாற்றிவிட்டு மேலே பைபர் பூசிப் பெயிண்ட் அடித்துவிடலாம், அந்த அங்கிளுக்குத் தெரியவேண்டியதில்லை என்றார். யோசித்தேன். அவர் ஒரு சிகரெட் குடித்து முடிக்கிறவரை யோசித்தேன். பிறகு காளானோடு சேர்த்து ஒரு துண்டைப் பெயர்த்து, காய்கறி வாங்கும் பாசார் பையில் போட்டுக்கொண்டு பாடாங் செராய்க்கு வண்டியை விட்டேன்.

டிவியில் ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள். பேப்பரை விரித்து அதன்மேல் துண்டை வைத்தேன். என்ன இது, புட்டா என்றார் மச்சான். சொன்னேன். டியூப், ஷாம்பூ, கேன்வாஸ், முடிச்சு எல்லாவற்றையும். பைபர் பூசி மறைக்க யோசித்ததையும் சொன்னேன். வலது கையால் எடுத்து நசுக்கினார், மோந்தார். ஷாம்பூ வாசனை இன்னும் இருந்தது. வாய் ஒருபக்கம் கோணிக்கொண்டு போனது. அழப்போகிறார் என்று பயந்தேன். சிரிப்பு.

"என்னோடது சாமிக்குன்னு போச்சு. ஒங்களோடது எதுக்கு மாப்ள போச்சு?"

அவர் ரிமோட்டை எடுத்து மருமகளை அணைத்தார்.

இரண்டு மாதம் ஞாயிறெல்லாம் போனது. அபாங் ஈவிரக்கமில்லாமல் வெட்டினார், நல்ல மரம் தெரிகிறவரை, அதற்கு மேலும் ஒரு சாண். பாதியில் பார்த்தால் படகு பல் கட்டப் போன கிழவர் மாதிரி முன்னாலும் பின்னாலும் பொக்கையாக இருந்தது. புதுப்பலகை பொருத்தி, இடுக்கில் கெலாம் மரப்பட்டையைத் திணித்து, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அடைத்தார். குங்கிலியக் கட்டியை உடைக்கிற வேலை மச்சானுக்கு. வலது கையில் சுத்தியல், பறக்கிற சில்லுக்கெல்லாம் லாரிக்கார வசவு. சட்டியிலிருந்து புகை எழும்பியதும் துறை முழுக்கக் கோயில் வாசனை. நான் தும்மினேன். மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏன் அடித்துக்கொள்கிறார் என்று அபாங் கேட்டார். கொசு என்றேன்.

உடன்படிக்கையும் ஆனது. தேங்காயைத் துறையின் சிமெண்டுத் தூணில் உடைப்பது. அபிஷேகம் ஆற்றுத் தண்ணியில் மட்டும். கேன்வாஸுக்கு நாலு கம்பு நட்டுப் பந்தல் போடுவது. நான் டியூபைத் தொடக்கூடாது. விசேஷத்துக்கு ஒரு கரண்டிப் பால் என்று மச்சான் பேரம் பேசினார். அபாங் தலையை ஆட்டினார், இல்லை என்று.

இறக்கின அன்று இரண்டு இடத்தில் கசிந்தது. மரம் ஊறி ஊதினால் நின்றுவிடும் என்றார் அபாங். மச்சான் இடப்பக்கம் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தார். முறுக்கினார். பின்பலகை அசையவில்லை. கழிமுகம்வரை போனோம். சதுப்பு மரங்கள் பின்னால் ஓட, ஜெராய் மலை மட்டும் நகராமல் கூடவே வந்தது. எதிரே வந்த மீன்படகுக்காரனை, இல்லாத ஹாரனுக்குப் பதிலாக, வாயாலேயே ஒதுங்கச் சொன்னார். திரும்பும்போது துறையில் லேசாக இடித்தார். தூணை யார் இங்கே வைத்தது என்று என்னைக் கேட்டார்.

பழக்க தோஷம், கயிற்றைக் கட்டினதும் என் கை டியூபுக்குப் போனது. தலையில் ஒரு வாளி ஆற்றுத் தண்ணி விழுந்தது. கண்ணெல்லாம் உப்பு. ஒற்றைக் கையால் எப்படித் தூக்கினார் என்று தெரியவில்லை.

"அசையாம நில்லுங்க மாப்ள," என்றார், அடுத்த வாளிக்குக் குனிந்துகொண்டே. "உப்புத் தண்ணிதான். மக்கிப்போக மாட்டீங்க."